வாட்டுப் பதம்

உன் அம்மாயி வாய் மூடிக்கொண்டிருக்கும் படம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, நிரோஜினி.

நாளைய நினைவுப் பூசை அட்டைக்கு ஒரு முகம் வேண்டும். நீ வத்தளையிலிருந்து வந்து இறங்கியதும் அலமாரியில் இருந்த படங்களையெல்லாம் கட்டிலில் பரப்பினாய். கலியாணப் படத்தில் படம் பிடிக்கிறவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன் அம்மா ஸ்டெல்லா கோவிலில் முதல் நன்மை வாங்கிய நாள் படத்தில் யாரையோ தள்ளி நிற்கச் சொல்கிறாள். மடு மாதா திருவிழாவில் எடுத்த படத்தில் ஜெபம் சொல்கிறாளா சண்டை பிடிக்கிறாளா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் சண்டைதான்.

கடைசி வருடங்களில் எடுத்த படங்களில்தான் வாய் மூடியிருக்கிறது. அவற்றில் மெல்லச் சிரிக்கவும் செய்கிறாள். அதில் ஒன்றை எடுத்து நான் உன்னிடம் நீட்டினேன். நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நீ தாதி அல்லவா, உன் கண்ணுக்கு அம்மாயி தெரியவில்லை, நோயாளிதான் தெரிந்தாள்.

"இது மாத்திர போடாத ஆளோட மூஞ்சி, தாத்தா. பாருங்க, எப்படி ஊதியிருக்கு, புருவம் பாதி இல்ல. கிளினிக்குல ஒவ்வொரு தடவையும் மாத்திரையக் கூட்டித்தானே குடுத்தாங்க? நீங்கதானே காலையில கையில வச்சுக் குடுத்தீங்க?"

"ஆமா. ஒரு நாள் தப்பல."

"பின்ன எப்படி?"

மாத்திரை கூடக் கூட நோயும் கூடியது எப்படி என்பது உன் கேள்வி. கிளினிக்கில் மாறி மாறி வந்த டாக்டர்களும் அதையே கேட்டுக்கொண்டு மாத்திரையின் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். நல்ல கேள்வி. என்னிடம் விடை இருக்கிறது. ஆனால் ஒன்று ஏன் ஓடவில்லை என்று சொல்வதற்கு முன்னால் அது எப்படி ஓடும் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவருக்கு விளங்காது. உட்கார்.

நான் ஸ்டோரில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்து வாட்டும் மாடி என் பொறுப்பு. வாட்டுவது என்றால் என்ன என்று படித்தவர்களுக்கும் தெரிவதில்லை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்து முறுக்காக இருக்கும். அப்படியே இலையைச் சுருட்டும் ரோலரில் போட்டால் நொறுங்கிவிடும், சாறும் வீண். ஆகவே முதலில் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் போட்டுக் காற்று விடுகிறோம். கொழுந்து சாவதில்லை. அதிலிருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இலை வளைந்து கொடுக்கும் நிலைக்கு வருகிறது. பதம் பார்ப்பது சுலபம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறக்க வேண்டும். உருண்டையாகவே இருந்தால் வாட்டு சரி. சிலிர்த்துக்கொண்டு விரிந்தால் இன்னும் போதாது.

எங்களுக்குக் கலியாணமான முதல் கிழமையே இதை உன் அம்மாயிக்கு விளக்கத் தொடங்கினேன். தொட்டி என்ற இடத்தைக்கூடத் தாண்டவில்லை.

"கொழுந்தப் பறிச்சுக் குடுக்கிறவ நானு. அதுக்கப்புறம் அது செத்தா எனக்கென்ன, பொழச்சா எனக்கென்ன? அடுப்பப் பாருங்க, ஸ்டோர்காரரே."

அவள் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான், கடைசி வரைக்கும். கடைசிக்குக் கொஞ்சம் முன்வரைக்கும் என்று வைத்துக்கொள்.

உன் அம்மாயி மரியநாயகி பிறகு கங்காணியானாள். கொழுந்து பறிக்கிற ஒரு கூட்டம் பெண்களை மேய்ப்பதற்கு வேண்டிய தொண்டை அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. ஒரு மலையில் நின்று குரல் கொடுத்தால் பக்கத்து மலையில் வேலை செய்கிறவர்கள், அவள் கூட்டத்தைச் சேராதவர்கள், அவர்களும் நிமிர்ந்து கூடையைச் சரிசெய்வார்கள். கோவிலில் ஒருமுறை பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. அவள் எழுந்து நின்று, "ஃபாதர், ஏசுவே இவ்வளவு நேரம் பேசல" என்றாள். அந்த ஃபாதர்தான் நாளைக்கு அவளைச் 'சாந்தமே உருவான அன்பு மனைவி, பாசமிகு அம்மாயி' என்று சொல்லப் போகிறார். எழுதி வைத்திருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் ஒன்றும் திருத்தவில்லை. அவர் சொல்வதில் பொய் இல்லை, கடைசிக் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்.

வீட்டிலும் அப்படித்தான். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், அவள் முடிப்பாள், வேறு விஷயத்தில். ரேடியோவைப் பிரித்தால் அவள் சத்தம். அரிசி ஆலையின் பட்டி ஏன் நழுவுகிறது என்று பக்கத்து வீட்டுச் செல்லசாமியிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தால், "அண்ணே, வீட்டுக்குப் போங்க, இவரு இன்னிக்கு முடிக்க மாட்டாரு" என்று அவரை அனுப்பிவிடுவாள். எனக்குக் கோபம் இருந்ததில்லை. இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். கோபக்காரன் செய்கிற வேலை இல்லை இது.

பிறகு அவள் கழுத்தில் கழலை வந்தது. கண்டியில் அறுவை செய்து தைராய்டுச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நீதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாய். அந்தச் சுரப்பி என்ன வேலை செய்கிறது என்று நீ எனக்கு விளக்கினாய். நல்ல விளக்கம் அது. உடம்பின் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிற சுவிட்ச் அது என்று நான் எடுத்துக்கொண்டேன். இனி அந்தச் சுவிட்ச் அவள் கழுத்தில் இல்லை. தினமும் காலையில் விழுங்குகிற ஒரு சின்ன வெள்ளை மாத்திரைதான் சுவிட்ச். எலும்புக்கும் நரம்புக்கும் என்று பெரிய கல்சியம் மாத்திரை வேறு. அவளுக்குப் பொறுமை கிடையாது என்பதால் மாத்திரை கொடுக்கும் வேலையை நான் ஏற்றேன்.

காயம் ஆறுமுன்பே அவள் முடிவு செய்துவிட்டாள். வத்தளைக்குப் போய் உங்களோடேயே இருந்துவிடுவது. உன் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறார்கள், உன் தம்பி துஷாந்த் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடைச் சாப்பாடு, நீ ஷிஃப்ட் முடிந்து வந்து வெறும் பிஸ்கட் தின்கிறாய். இதையெல்லாம் வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொன்னாள். ஹட்டனுக்குப் போய் ஒரு சூட்கேஸ் வாங்கி வந்தாள்.

"நானும் வரணுமா?" என்று கேட்டேன்.

"வந்தா வாங்க. வராட்டி ஸ்டோரக் கட்டிப்புடிச்சிக்கிட்டு இங்கயே கெடங்க. எனக்கு எம்பேரப் புள்ளைங்க இருக்கு."

வத்தளையில் எனக்கு என்ன இருக்கிறது? புழுக்கம் இருக்கிறது. உங்கள் வாஷிங் மெஷின் இருக்கிறது. அதை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன், உன் அப்பா கிளைவ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்தக் குளிரையும் இந்தச் சரிவையும் விட்டு நான் போகமாட்டேன். அவள் இல்லாமல் இங்கே இருக்கவும் மாட்டேன். திட்டுகிறவள் இல்லாத வீட்டில் ஒருவன் எப்படி உட்கார்ந்திருப்பான்? அவள் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. அது தானாக நடந்தது. முதலில்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். காலையில் எழும்பியதும் கட்டிலிலேயே பால் தேத்தண்ணீர் குடிப்பது அவள் பழக்கம். பெரட்டுக்கு ஓடிய காலத்தில், பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் முன்னால், பால் இல்லாத சாயத் தண்ணீர் ஒரு வாய்தான் கிடைத்தது. ஆகவே ஓய்வு பெற்றபின் பால் போட்டுப் பெரிய கோப்பையில் வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கோப்பையோடு இரண்டு மாத்திரைகளையும் வைத்துக் கொடுத்தேன். ரொட்டி கிடையாது, பிஸ்கட் கிடையாது. வெறும் வயிறு. இந்த மலைநாட்டில் எந்த லயத்து வீட்டில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பார், தேத்தண்ணீர் குடித்தவர் யாரும் சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டார். தேத்தண்ணீர் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. அது எழும்புவதில் ஒரு பகுதி.

சில மாதங்களில் அவள் வேகம் குறைந்தது. குளிர்கிறது என்றாள். வெயிலில் கம்பளியோடு உட்கார்ந்தாள். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போனது. "அடுத்த மாசம் பாப்போம்" என்றாள். ஒரு நாள் மத்தியானம் நான் பழைய ஃபேன் மோட்டார் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டே போனேன். யாரும் குறுக்கே பேசவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தால் உன் அம்மாயி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்புறம்?" என்றாள்.

நிரோஜினி, அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அடுத்த கிளினிக்கில் ஒரு சிங்களத் தாதி இருந்தார். இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, உன் அம்மாயியை நிறுவையில் ஏற்ற அனுப்பிவிட்டு, என்னிடம் தமிழில் பொறுமையாகக் கேட்டார்.

"தாத்தா, மாத்திர எது கூட குடுக்கிறது?"

"தேத்தண்ணியோடங்க. வெறும் வயித்துலதான்."

"பால்?"

"பால் போட்டுத்தான்."

"ஐயோ, அது சரியில்ல தாத்தா. கல்சியமும் அதே நேரமா?"

பால் தேத்தண்ணீரும் கல்சியமும் வயிற்றுக்குள் அந்தச் சின்ன மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது, அப்படியே வெளியே கொண்டு போய்விடும் என்று விளக்கினார். கையால் பிடிப்பது போலச் செய்தும் காட்டினார். மிக அழகான விளக்கம். எதுவும் உடையவில்லை, எதுவும் குறையவில்லை, மாத்திரை போகிறது, வேலை மட்டும் நடப்பதில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

லிந்துலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளும் நானும் பஸ்ஸில் அப்படிப் போனது அன்றுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் தேத்தண்ணீர் போட்டேன். பால் ஊற்றினேன். இரண்டு மாத்திரைகளையும் தட்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உன் முகம் ஏன் இப்படிப் போகிறது? இன்னும் முக்கியமான இடத்துக்கு வரவில்லை.

நான் அவளைத் துன்பப்படுத்தவில்லை. வாட்டினேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஸ்டோரில் தொட்டிக்குள் காற்று விடும் கதவைத் திறப்போம், மூடுவோம், கொழுந்தைப் பார்த்துப் பார்த்து. அதே போலத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் எல்லாரும் வருவீர்கள் என்றால் சில கிழமைகளுக்கு முன்பே மாத்திரையை முறைப்படி கொடுக்கத் தொடங்குவேன். அது உடனே ஏறாது, மெதுவாகத்தான் ஏறும், ஆகவே கணக்காகத் தொடங்க வேண்டும். நீங்கள் வரும்போது அவள் அடுப்படியில் நின்று பலகாரம் சுட்டாள். "அம்மாவுக்கு எவ்வளவோ தேவல, எல்லாம் அப்பா பாக்கிற பார்வ" என்று உன் அம்மா அழுதாள். அந்த நாட்களில் அவள் சூட்கேஸைப் பற்றிக் கேட்கத் தொடங்குவாள். நீங்கள் பஸ் ஏறியதும் மறுபடி பால் தேத்தண்ணீர்.

பதம் பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. காலையில், "நாயகி, இன்னிக்கு வானம் எப்படி?" என்று கேட்பேன். "ஏன், ஒங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று சட்டென்று வந்தால் வாட்டு போதாது. கொஞ்சம் யோசித்து, ஜன்னலைப் பார்த்து, "மூடிக்கிட்டு இருக்குங்க" என்று சொன்னால் சரியான பதம்.

அந்தப் பதத்தில் அவளுக்கு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். உலர்த்தி, ரோலர், தண்ணீர்ச் சக்கரம், ரயில் எப்படிச் சரிவில் ஏறுகிறது. அவள் கம்பளிக்குள் இருந்துகொண்டு கேட்டாள். புருஷனும் பெண்சாதியும் இப்படி ஒற்றுமையாக இருந்து இந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. சனங்கள் மாரி பிஸ்கட்டோடு வந்து பார்த்துவிட்டு, றோலண்ட் அண்ணன் மாதிரி பெண்சாதியை யார் பார்ப்பார் என்று என்னைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் அவள் சொன்னாள், "என்னமோ தெரியலங்க, எனக்குள்ள ஃபேன் நின்னு போன மாதிரி இருக்கு." அவள் என் தொழிலின் சொல் ஒன்றை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ வீடியோவில் கூப்பிடும்போது ஃபோனை நான்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். உன் பேர் வர அவளுக்கு நேரம் எடுத்தது. "நிரோ... நிரோ எப்ப வரும்?" என்பாள். நீ அழுவாய். அவளுக்குச் சுகமில்லை, தொந்தரவு செய்யாதே என்று வைத்துவிடுவேன்.

ஒருமுறைதான் ஆபத்து வந்தது. செல்லசாமியின் பெண்சாதி ராசம்மா ஒரு காலையில் ரொட்டி கொண்டுவந்தாள். தட்டையும் கோப்பையையும் பார்த்தாள்.

"இதே மாத்திரதான்க்கா ராகலையில எங்க நாத்தனாரும் போடுது. மாத்திர போட்டு ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணிய கண்ணுலயே காட்டக் கூடாதாம். அது காலையில பேய் மாதிரி ஒக்காந்திருக்கும், அது புருஷனே கிட்டப் போக மாட்டாரு."

அவள் போனபிறகு மரியநாயகி கோப்பையைக் கீழே வைத்தாள். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. நேரம் எடுத்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள்.

"ஏங்க... நெசமாவா? தேத்தண்ணி பொறகு குடிக்கவா? எனக்கு நல்லாகிட்டா... புள்ளைங்ககிட்டப் போகலாம்ல?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். ராசம்மாவின் நாத்தனாருக்குச் சுரப்பி இருக்கிறது, இவளுக்கு எடுத்தாயிற்று, ஆகவே இரண்டும் வேறு வேறு. சூடான தேத்தண்ணீர் மாத்திரையைக் கரைத்து வேகமாக உள்ளே கொண்டுபோகும், கிரீஸ் சூடானால் பேரிங் சுலபமாகச் சுற்றுவது போல. அந்தத் தேத்தண்ணீர் விளக்கத்தில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. நான் இயந்திரங்களைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அது. வெட்கமாக இருக்கிறது. கிரீஸ் அப்படி வேலை செய்வதில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியாததாங்க" என்று சொல்லிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்தாள்.

அந்த வருடம் நத்தாருக்கு உங்களால் வர முடியவில்லை. உனக்கு ஷிஃப்ட், துஷாந்துக்குக் காய்ச்சல். ஆகவே வாட்டை நிறுத்தி மாத்திரையை முறைப்படி கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. அது என் கணக்குப் பிழை, ஒத்துக்கொள்கிறேன். தை மாதம் வந்த பனியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்தது. உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப்போயின. அவளுக்குச் சளி பிடித்தது. பிறகு பகலும் தூங்கினாள். கையைத் தொட்டால் தொட்டித் தகரம் போலக் குளிர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடலாமா என்று செல்லசாமி கேட்டார். தூங்கட்டும் என்றேன். அவளுக்கு நான் அப்போது ரயில் எஞ்சினின் பிரேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் இருந்தது. முடித்தபோது மத்தியானமாகிவிட்டது. அவள் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை.

நாளைக்குக் கோவிலில் நானும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். அவள் எவ்வளவு நல்ல துணை, எவ்வளவு பொறுமையாகக் கேட்பாள் என்று சொல்லப் போகிறேன். பழைய சனங்கள் கொஞ்சம் முழிப்பார்கள். நான் மனதாரத்தான் சொல்வேன். அவளை என் அளவுக்கு நேசித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

நீ கேட்டதற்கு நேரான விடை இது. காலையில் எழும்பியதும் மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். பால் தேத்தண்ணீர் ஒரு மணித்தியாலம் கழித்து, கல்சியம் பின்னேரம். நான் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன், தெரிந்துகொண்டே கொடுத்தேன். முறைப்படி கொடுத்திருந்தால் உன் அம்மாயி இன்றைக்கு வத்தளையில் உங்களையெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள், நான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன்.